மாதா தலையில் என் கூந்தல்

ஹாங்காங்
1987 மே 17, ஞாயிறு

அன்புள்ள கிழவா,

சேசு மாதா துணையால் நான் சுகம். நீ சுகமா என்பது உன் கடிதத்திலிருந்து தெரியவில்லை. பன்றி குட்டி போட்டது தெரிகிறது. சமையலறைக் கூரையில் தகரம் தூக்கிக்கொண்டு நிற்பதும், பக்கத்து வீட்டு இனாசியோ மறுபடி குடிக்க ஆரம்பித்ததும் தெரிகிறது. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஒன்றும் இல்லை. அதுவும் பாதிக் காகிதம். மீதிப் பாதியைக் கிழித்து அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டாயா? நம் இலோக்கோஸ்காரர்கள் கஞ்சர்கள் என்று இங்கே மணிலாப் பெண்கள் கேலி செய்யும்போது நான் சண்டைக்குப் போகிறேன். நீ அவர்கள் பக்கத்துச் சாட்சியாக இருக்கிறாய்.

இன்று விடுமுறை. வீட்டு வேலைக்கு வந்த நம் நாட்டுப் பெண்கள் எல்லோரும் வழக்கம்போல் நகரத்துச் சதுக்கத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்திருக்கிறோம். ஒருத்தி நகம் வெட்டுகிறாள், ஒருத்தி அழுகிறாள், மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். நான் உனக்கு எழுதுகிறேன்.

நேற்று எஜமானியம்மா மறுபடியும் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். "பானிங், காதைத் தாண்டிடுச்சு பாரு. சோத்துல விழுந்தா பிள்ளை சாப்பிட மாட்டான்." கெட்டவள் இல்லை. முடி விஷயத்தில் மட்டும் அப்படி. வந்த நாளிலிருந்து என் தலை பள்ளிக்கூடத்துப் பையன் தலைதான். ஆக இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கும் நீள முடி நம் சான் கசியானோ கோயிலில் வியாகுல மாதாவின் தலையில் இருப்பது மட்டுமே.

அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன். இந்தப் பெரிய வெள்ளிக்கும் மாதா ஊர்வலம் வந்திருப்பாள். முடி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதக்கூடாதா? மாதாவுக்கு உடுத்தும் மனாங் ரூஃபினா, ஊருக்கே அக்கா, எழுதியிருந்தாள். நான் புறப்பட்டதிலிருந்து நீ கோயிலுக்குள் கால் வைக்கவில்லையாமே. ஏன்?

இன்னொன்று. என் ஒப்பந்தம் வருகிற ஏப்ரலோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இரு என்கிறாள் எஜமானியம்மா. வருடக் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது மாட்டேன் என்று சொல்ல வேண்டும். போடவா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே போய், மாதா முன்னால் நின்று, என் முடியைப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுது. அங்கே நின்றுவிட்டு வருகிறவன் வீம்புக்குப் பதில் சொல்ல மாட்டான். வாசலிலேயே நிற்கிற மனிதனின் பதில் எனக்கு வேண்டாம்.

பன்றிக்குட்டிகளுக்கு என் அன்பு.

உன் கிழவி,
பானிங்

~

சான் கசியானோ, இலோக்கோஸ் சூர்
பிலிப்பைன்ஸ்
1987 ஜூன் 20

அன்புள்ள கிழவிக்கு,

சாப்பிட்டேன். தூங்கினேன். முழுக் காகிதத்தில் எழுதுகிறேன், மணிலாப் பெண்களிடம் காட்டு.

கோயிலுக்குப் போகவில்லை என்று யார் சொன்னது? தினமும் போகிறேன். வாசல் வரை. வண்டி நிறுத்தம் அங்கேதானே இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் சைடு கார் மாட்டிய பிறகு தொழில் பரவாயில்லை. ஒரே தொந்தரவு, டைஃபாய்டு காய்ச்சலில் போனது வலது காது, சைடு காரில் ஆள் உட்காருவதும் வலது பக்கம். போன வாரம் தபால் ஆபீஸில் இறங்க வேண்டிய ஃபெலிசிதாத் டீச்சரைக் கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோய்விட்டேன். வழியெல்லாம் கத்தியிருக்கிறாள். நான் நிறுத்தியதும் இறங்கி இடது பக்கம் வந்து, "எனக்கு இன்னும் நேரம் வரலைப்பா, திருப்பு" என்றாள். ஊரே சிரிக்கிறது.

கோயிலைப் பார்க்க மணிலாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், செங்கல் இடுக்கில் முளைத்த புல்லைக் கூடப் படம் பிடிக்கிறார்கள். போன மாதம் ஒரு சின்னப் பெண் வெளியே வந்து, "அண்ணே, உள்ள இருக்கிற மாதாவுக்கு நிஜ முடியாமே. என்ன அழகு. யாரோட முடி?" என்று கேட்டாள். "யாருக்குத் தெரியும்" என்றேன். அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு சவாரி எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். அந்தக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு திரும்பியபோது நீ தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வார்டில் பேன் ஏறிவிட்டது, ஒட்ட வெட்டிவிட்டேன் என்றாய். நம்பினேன். உனக்காகப் பரிதாபப்பட்டேன். அடுத்த பெரிய வெள்ளியன்று கையில் மெழுகுவர்த்தியோடு ஓரமாய் நிற்கிறேன், மாதாவின் தேர் என் முன்னால் திரும்புகிறது. கறுப்பு முக்காட்டுக்குக் கீழே இடுப்பு வரை உன் முடி. நெற்றி ஓரத்திலிருந்து இறங்கும் அந்தச் செம்பட்டைக் கற்றையோடு. ஞாயிறு தோறும் உன் தலைக்குத் தண்ணீர் ஊற்றினவனுக்குத் தெரியாதா? பிறகு இரண்டே வாரத்தில் நீ விமானம் ஏறிவிட்டாய்.

பேனும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹாங்காங் வேலைக்கான காகிதம் சீக்கிரம் வர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு முடியைக் கொடுத்திருக்கிறாய். என்னிடமிருந்து போவதற்கு மாதாவுக்கு லஞ்சம். அவளும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தை நான் எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்?

கையெழுத்துப் போடுவது உன் இஷ்டம்.

செவெரினோ

~

ஹாங்காங்
1987 ஆகஸ்ட் 2, ஞாயிறு

அன்புள்ள கிழவா,

இதையா இவ்வளவு நாளாய் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாய்? விமான நிலையத்தில் நீ என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அழுகையை அடக்குகிறாய் என்று நினைத்து, வழி முழுக்க உன்னை நினைத்து நான் அழுதேன். அந்த அழுகையைத் திருப்பிக் கொடு.

பேன் என்று சொன்னது பொய்தான். மற்றது நீயாகக் கட்டிக்கொண்டது.

எதற்காக நேர்ந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் அல்ல. என் அத்தையை உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா சிறுவனாய் இருந்தபோது அவர் பிழைக்க வேண்டும் என்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில் போனவள். நல்ல காரியம்தான். ஆனால் சாகும் வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டில் உப்பு கூட என்று அப்பா சொன்னால் போதும், "உனக்காகத் தேய்ஞ்ச முட்டிடா இது" என்று பாவாடையை முழங்கால் வரை தூக்கிக் காட்டுவாள். அப்பா அவள் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்து சொன்ன நேர்ச்சை இன்னொருவர் முதுகில் மூட்டையாக ஏறிவிடும். அதனால் சொல்ல மாட்டேன். நீ நினைப்பது இல்லை என்று மட்டும் சொல்கிறேன். நம்பினால் நம்பு.

நிபந்தனை அப்படியே இருக்கிறது. உள்ளே போ. பார். பிறகு சொல்.

காது வலித்தால் எண்ணெய் விடாதே, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

பானிங்

~

சான் கசியானோ
1987 செப்டம்பர் 12

பானிங்,

கடிதம் கிடைத்தது. மழை. பன்றிக்குட்டிகளை விற்றாகிவிட்டது, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். காதில் எண்ணெய் விடவில்லை.

மற்றது உன் இஷ்டம் என்று முன்பே எழுதிவிட்டேன்.

செவெரினோ

~

ஹாங்காங்
1987 நவம்பர் 29, ஞாயிறு

அன்புள்ள கிழவா,

புயல் நம் பக்கம் அடித்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். பெயர் சொன்ன ஊர்களில் நம் ஊர் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எஜமானியம்மாவே தட்டைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். உயிரோடு இருக்கிறாயா என்று எழுது. கோபம் இருந்தால் கோபத்தோடு எழுது, பாதிக் காகிதத்தில் எழுது, எப்படியாவது எழுது.

ஒப்பந்தக் காகிதம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில், பழத்தட்டுக்குப் பக்கத்தில், பேனாவோடு வைத்திருக்கிறார்கள். தினமும் தூசி தட்டும்போது அதைத் தூக்கி, துடைத்து, அங்கேயே வைக்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் போட்டுவிடு என்றாள். உன் பதில் வரவில்லை என்றால் போட்டுவிடுவேன், கிழவா. கையெழுத்து வேண்டாம், வா என்று சொல்லாத வீட்டுக்கு நான் எப்படித் திரும்பி வருவது?

உன் பானிங்

~

சான் கசியானோ
1987 டிசம்பர் 9

அன்புள்ள கிழவிக்கு,

முதலில் செய்தி. உயிரோடு இருக்கிறேன். வீடு நிற்கிறது, சமையலறைக் கூரை மட்டும் இனாசியோவின் தோட்டத்தில் கிடக்கிறது. பன்றியைப் படுக்கை அறைக்குள் ஏற்றினேன், இப்போது இறங்க மாட்டேன் என்கிறது.

கோயிலுக்கும் அடி. ஸ்பானியச் சாமியார்கள் எழுப்பிய சுவரிலும் மணிக்கூண்டிலும் ஒரு கல் அசையவில்லை. நம் ஆட்கள் போட்ட தகரக் கூரைதான் கிழிந்து பறந்துவிட்டது, அதுவும் மாதா நிற்கும் பீடத்துக்கு நேர் மேலே. ஒரு பகலும் இரவும் மழையும் கூரைக் குப்பையும் மாதாவின் மேல் கொட்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் மனாங் ரூஃபினா வண்டி நிறுத்தத்துக்கு வந்து சைடு காரில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போக வேண்டும் என்றேன். ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. திட்டிக்கொண்டே இறங்கி இடது பக்கம் வந்தாள்.

"செவெரினோ, உன் பொண்டாட்டி தலைக்கு எப்படிடா குளிப்பா?"

"அது எதுக்கு இப்போ?"

"மாதா முடி சேத்துல ஊறிப் பந்தாக் கிடக்கு. சோப்பு போட்டேன், இன்னும் சிக்கிடுச்சு. சீப்பு இறங்கலை, என் விரலும் மடங்கலை. மேயர் சம்சாரம் மணிலாவுல புதுசு வாங்கித் தர்றேங்குறா. இதைக் கல்லறைத் தோட்டத்துல மரியாதையாப் புதைச்சிடலாமாம்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, பானிங். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "உயிரோட இருக்கிறவ முடியை எப்படிப் புதைப்பீங்க?" என்று கத்தினேன். நிறுத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ வந்து கழுவு."

"ஆம்பளைங்க வரக்கூடாதே. மாதாவுக்கு உடுத்துறப்போ பங்குச் சாமியாரையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்துவீங்களே."

"மாதா தலையில இருந்தாத்தான் அது மாதா முடி. கழட்டி வெச்சிருக்கேன். இப்போ அது உன் பொண்டாட்டி முடி. எந்திரிடா."

அப்படித்தான் உள்ளே போனேன். பக்கவாட்டுக் கதவு வழியாக. தலை குனிந்தபடிதான் நடந்தேன், நீ விரும்பிய மாதிரி பெரிதாக ஒன்றும் இல்லை. காலுக்குக் கீழே ஸ்பானியப் பெயர் வெட்டிய பழைய கல்லறைக் கற்கள், எல்லாவற்றிலும் தண்ணீர். நம் கல்யாணத்தன்று நீ வழுக்கி என் கையைப் பிடித்த கல்லும் அங்கேயே இருக்கிறது. அதில் கொஞ்சம் நின்றேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன்.

மாதா நின்றுகொண்டிருந்தாள். நகை இல்லை, கறுப்புப் பட்டு இல்லை, முடியும் இல்லை. மொட்டைத் தலை தெரியக்கூடாது என்று மனாங் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது கட்டிலோரத்தில் நீ அப்படித்தான் இருந்தாய். அதே துணி, அதே முடிச்சு. தூக்கமில்லாத அதே முகம். நான் கண் விழித்தது செப்டம்பரில். ஹாங்காங்குக்கு ஆள் எடுக்கிறவன் நம் ஊருக்கு வந்தது அடுத்த வருடம், புது வருட வெடிச் சத்தம் அடங்கிய பிறகு. இது எனக்கு எப்போதும் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மனாங் வந்து, "என்னடா, மறுபடியும் காய்ச்சலா?" என்றாள்.

சாமியார் வீட்டு முற்றத்துக் கிணற்றடியில் ஒரு பானையைக் கவிழ்த்து, அதன் மேல் உன் முடியைப் போட்டேன். நீ தலைக்குத் தேய்க்கும் கூகோ பட்டையை வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊறவைத்து, கல்லில் தட்டி, நுரை வர வைத்தேன். நீ சொல்வாயே, மேலிருந்து இழுக்காதே, நுனியில் ஆரம்பி என்று. நுனியில் ஆரம்பித்தேன். ஒரு குடம், ஒரு சிக்கு. கூரைத் துரு, வௌவால் எச்சம், மெழுகு, எல்லாம் வந்தது. தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்து விரலாலேயே கோதினேன். மாலை வெயில் முற்றத்தில் விழும்போது உன் செம்பட்டைக் கற்றை தெரிந்தது. அப்போது நான் அழுதேன். எழுதிவிட்டேன், யாரிடமும் படித்துக் காட்டாதே.

"நீ இவ்வளவு பொறுமைக்காரன்னு பானிங் சொல்லவே இல்லையே" என்றாள் மனாங்.

அவள் என் வலது பக்கத்தில் உட்கார்ந்து வேலை முடியும் வரை பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் அந்தக் காது கேட்காதே. டாக்டர் கையை விரித்த அன்று நீ பஸ் பிடித்து ஓடி வந்து கோயில் கதவைத் தட்டினாய் என்று சொன்னாளாம், எனக்குக் கேட்கவில்லை. கத்தரிக்கோலைத் தானே எடுத்துக் கொடுத்ததாகவும், வெட்டும்போது நீ அழவில்லை, தான்தான் அழுததாகவும் சொன்னாளாம், அதுவும் கேட்கவில்லை. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க மனாங். எனக்குப் புருஷன் போதும், கடன்காரன் வேண்டாம்" என்று நீ சொன்னாயாம். அது துளிகூடக் கேட்கவில்லை.

கடைசியில் அவளே சந்தேகப்பட்டு என் முகத்தைத் திருப்பி, "காதுல விழுந்துச்சாடா?" என்றாள்.

"என்ன சொன்னீங்க மனாங்?"

என் முகத்தை விட்டுவிட்டுக் குடத்தை என் பக்கம் தள்ளினாள். "ஒண்ணுமில்லை. இன்னொரு குடம் இறை" என்றாள்.

ஆகையால் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் யாருக்கும் எதற்கும் கடன்பட்டவன் இல்லை. இனிமேலும் உப்பு கூட இருந்தால் கூட என்றுதான் சொல்வேன். உன்னைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் வைத்திருந்தேன், அதை மட்டும் அந்தச் சேற்றுத் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிட்டேன். போகட்டும்.

முடி இப்போது மாதாவின் தலையில் திரும்ப ஏறிவிட்டது. மேயர் சம்சாரம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சொன்னபடி உள்ளே போனேன், முன்னால் நின்றேன், பார்த்தேன். இனி என் பதில்.

கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. எனக்கு நீ இல்லாமல் முடியவில்லை. முடி காது வரை இருந்தாலும் கழுவித்தானே ஆக வேண்டும். கூகோ பட்டை பாதி மிச்சம் இருக்கிறது, நான் இலோக்கோஸ்காரன், வீணாக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை நானே வீகான் பெரிய தபால் ஆபீஸுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறேன். பேனாவைத் தொடுவதற்குள் வந்து சேர வேண்டும்.

உன் கிழவன்,
செவெரினோ

~

ஹாங்காங்
1987 டிசம்பர் 27, ஞாயிறு

அன்புள்ள கிழவா,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கடிதம் வந்தது. இவ்வளவு காகிதமா? ஓரத்தில்கூட எழுதியிருக்கிறாயே. சதுக்கத்தில் பெண்கள், "இது உன் புருஷன் எழுதினதா, கூலிக்கு ஆள் வெச்சானா?" என்று கேட்டார்கள். படித்துக் காட்டவில்லை. அழுதது நீ மட்டும் இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்.

அன்று மாலையே காகிதத்தை எஜமானியம்மாவிடம் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தேன். "ஊர்ல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டாள். ஒரு பன்றி படுக்கை அறையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, நான் போய்த்தான் விரட்ட வேண்டும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் நேற்று நான் தலை துவட்டும்போது காதைத் தாண்டின முடியைப் பார்த்தாள், கத்தரிக்கோலை எடுக்கவில்லை. நாலு மாதத்தில் தோள் வரையாவது வந்துவிடும்.

மணிலாவுக்கு என்னை அழைக்க வராதே, வீண் செலவு. நானே பஸ் ஏறி வந்துவிடுவேன். நீ வண்டியோடு நம் ஊர் நிறுத்தத்தில் நில். நேராக வீட்டுக்குப் போக வேண்டாம். முதலில் கோயில். மாதாவை நான் பார்க்க வேண்டும், நீயும் உள்ளே வர வேண்டும், இந்த முறை பெரிய வாசல் வழியாக. பிறகு ஆற்றோரச் சாலையில் சுற்றிக்கொண்டு போ, மெதுவாக.

நான் சைடு காரில் உட்காருவேன். உன் வலது பக்கத்தில். காய்ச்சலில் நீ என் பெயரைக் கூட மறந்து கிடந்தபோது நான் பட்டது, பஸ்ஸில் வரும்போது மாதாவிடம் என்ன சொல்லிப் பேரம் பேசினேன் என்பது, ஏன் பொய் சொன்னேன் என்பது, எல்லாம் எனக்குள் இத்தனை நாளாய் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஒன்று விடாமல் அன்று சொல்லிவிடப் போகிறேன். நீ திரும்பிப் பார்க்காதே, சாலையைப் பார்த்து ஓட்டு.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "வழியெல்லாம் என்னமோ பேசிட்டு வந்தியே, என்ன சொன்னே?" என்று கேள்.

ஒண்ணுமில்லை என்பேன்.

உன் கிழவி,
பானிங்